ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு (எஸ்எஸ்) எந்த பிட்டு? எம்35 கோபால்ட் ட்ரில் பிட்டு: பட்டறை மதிப்பீடு

கோயம்புத்தூர்ப் பக்கம் ஹார்டுவேர் கடையில் போய், “அண்ணா, எஸ்எஸ்-க்கு ஆறு எம்எம் பிட்டு குடுங்க” என்று கேட்டால் திருப்பி ஒரு கேள்வி வரும்: “சாதா போதுங்ளா, கோபால்ட் வேணுங்ளா?” கோபால்ட் பிட்டின் விலை சாதாவைப் போல இரண்டு மடங்கு, சில அளவில் மூன்று மடங்குகூட இருக்கும். விலையைக் கேட்டதும் பாதிப் பேர், “சாதாவுலயே ரெண்டு குடுங்ணா” என்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த இரண்டும் மாடிப்படிக் கைப்பிடிக் குழாயிலோ கிரைண்டர் டிரம்மிலோ நாலு ஓட்டையைத் தாண்டுவதற்குள் மழுங்கிப்போய் டப்பாவில் கிடக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எஸ்எஸ் வேலை அடிக்கடி வருகிற பட்டறைக்கும், வீட்டில் சிங்க், கேட், ஷெல்ஃப் என்று நாலு இடத்தில் ஓட்டை போட வேண்டியவருக்கும், 135 டிகிரி ஸ்பிளிட் முனை (மூக்கைப் பிளந்த முனை) வைத்த எம்35 ரகக் கோபால்ட் பிட்டு கொடுத்த காசுக்கு முழுசாக உழைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உங்களிடம் இருப்பது வேகத்தைக் குறைக்க முடியாத, நிமிஷத்துக்கு 2,600, 2,800 சுற்று சுற்றுகிற சின்ன கைட்ரில் மட்டும்தான் என்றால் கோபால்ட் வாங்காதீர்கள். சாதா பிட்டு எந்த ஓட்டையில் எரிந்ததோ, கோபால்டும் அதே ஓட்டையில்தான் எரியும். அந்தக் காசை வேகம் குறைக்கக்கூடிய மிஷினுக்குப் போடுங்கள்.

எஸ்எஸ் பிட்டைத் தின்பது எப்படி

எஸ்எஸ் ரொம்பக் கெட்டி, அதனால்தான் பிட்டு போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சரியாகப் பதப்படுத்தி வந்த 304 கிரேடு எஸ்எஸ் தகடு அப்படியொன்றும் கெட்டி இல்லை. எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டின் கடினத்துக்குப் பக்கத்தில்கூட வராது. சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, சூடு. சாதா இரும்பு வெப்பத்தைக் கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 304 கடத்தும். இரும்பில் ஓட்டை போடும்போது உண்டாகும் சூட்டின் ஒரு பகுதி தகட்டுக்குள் பரவிப் போய்விடும். எஸ்எஸ்-ல் அது போக வழியில்லாமல் பிட்டின் வெட்டு விளிம்பிலேயே தேங்கி நிற்கும். எச்எஸ்எஸ் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை பதம் விடாமல் தாங்கும். அதைத் தாண்டினால் விளிம்பு மெதுவாகி, ஓரம் உருண்டுவிடும். பிட்டின் வெளி மூலைதான் மற்ற எந்த இடத்தையும் விட வேகமாகச் சுற்றுகிறது என்பதால் முதலில் போவதும் அந்த மூலைதான்.

இரண்டாவது, உரசல். 304, 202, 316 கிரேடு எஸ்எஸ் எல்லாம் நசுங்க நசுங்கக் கெட்டிப்படுகிற உலோகங்கள். வெட்டாமல் உரசினால் போதும், மேல்தோல் இறுகிவிடும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு காந்தத்தை எடுத்து 304 சிங்கின் தட்டையான இடத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டாது. அதே காந்தத்தை அழுத்தி வளைத்த மூலையில் வையுங்கள். லேசாக இழுக்கும். அச்சில் இழுபட்ட இடத்தில் உலோகத்தின் உள்கட்டமைப்பே கொஞ்சம் மாறி, மார்ட்டன்சைட் என்கிற கெட்டியான, காந்தம் இழுக்கிற வடிவத்துக்குப் போயிருக்கிறது. மழுங்கிய பிட்டை வைத்துத் தேய்க்கும்போது ஓட்டையின் அடியிலும் இதேதான் நடக்கிறது. கீச்சென்று சத்தம் வரும், சுருள் நின்றுபோகும், பிட்டை எடுத்துப் பார்த்தால் குழிக்குள் சின்னக் கண்ணாடி பதித்தது போல ஒரு மினுமினுப்பு தெரியும். அந்த மினுமினுப்பு வந்துவிட்டால் அதே பிட்டை வைத்து இன்னும் அழுத்துவதில் பிரயோசனமே இல்லை.

ஆக பிட்டு வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டுதான்: சூட்டைத் தாங்குமா, தொட்ட உடனே வெட்டுமா.

கடையில் கிடைப்பவை

சாதா எச்எஸ்எஸ் என்று தருவது பெரும்பாலும் எம்2 வகை. சுமார் 6 சதவீதம் டங்ஸ்டன், 5 சதவீதம் மாலிப்டினம், 4 சதவீதம் குரோமியம், 2 சதவீதம் வனேடியம் கலந்தது. நல்ல எம்2 பிட்டு மோசமான சாமான் இல்லை. இரும்பு ஆங்கிளுக்கும் அலுமினியத்துக்கும் அதுவே போதும். எஸ்எஸ்-க்கு அதன் குறை, முனைக் கோணம் வழக்கமாக 118 டிகிரி என்பதும், நடுவில் உளி விளிம்பு அகலமாக இருப்பதும். பிட்டின் மூக்கை நேராகப் பார்த்தால் இரண்டு வெட்டு விளிம்புக்கும் நடுவே குறுக்காக ஒரு சின்னக் கோடு ஓடும். அந்தக் கோடு வெட்டாது. உலோகத்தை நசுக்கித் தள்ளும். எஸ்எஸ்-ஐ நசுக்கினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னோம். ஓட்டை தொடங்குவதற்கு முன்பே நடுப்புள்ளி இறுகிப்போகிறது.

சாதாவிலேயே மலிவான ரகம் ஒன்று உண்டு. பள்ளத்தைச் சாணை பிடித்து எடுக்காமல் உருட்டித் தயாரித்த கறுப்பு பிட்டு. போஷ் அட்டைப்பெட்டியில் இதை எச்எஸ்எஸ்-ஆர் என்றும், சாணையில் கடைந்ததை எச்எஸ்எஸ்-ஜி என்றும் பிரித்துப் போட்டிருப்பார்கள். எஸ்எஸ்-க்கு ஆர் ரகத்தைத் தொடவே வேண்டாம்.

தங்க நிறத்தில் மின்னுகிற டைட்டானியம் நைட்ரைடு பூச்சு பிட்டைத்தான் கடைக்காரர் அடுத்ததாக எடுத்து வைப்பார். பூச்சு நிஜமாகவே கடினமானது, உரசலைக் குறைப்பதும் உண்மை. ஆனால் பூச்சுக்கு அடியில் இருப்பது அதே எம்2. சூட்டில் அடிவிளிம்பு மெதுவாகிவிட்டால் மேலே பூசியது தாங்கிப் பிடிக்காது. ஒருமுறை சாணை பிடித்ததும் முனையில் இருந்த பூச்சு போய்விடும். பள்ளத்தில் மிச்சம் இருப்பது சுருள் வழுக்கி வெளியேற மட்டும் உதவும். பேர் தெரியாத டப்பா செட்டுகளில் வருவது வெறும் தங்கச் சாயம்தான் என்ற சந்தேகம் எப்போதும் இருக்கட்டும்.

எம்35-ல் 5 சதவீதம் கோபால்ட் இருக்கிறது. சாதா அறைச் சூட்டில் வைத்துப் பார்த்தால் எம்2-க்கும் இதற்கும் கடினத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சூடேறிய பிறகுதான் வித்தியாசம் தெரியும்; கோபால்ட் கலந்தது அந்தச் சூட்டிலும் விளிம்பை விடாது. எஸ்எஸ்-ல் நமக்கு வேண்டியதும் அதுதான். கூடவே இந்த பிட்டுகளை 135 டிகிரி முனையோடும், மூக்கைப் பிளந்த ஸ்பிளிட் வடிவத்தோடும் செய்கிறார்கள். நடுவில் இருக்கும் நசுக்குகிற கோடு பெரும்பாலும் எடுபட்டு, அங்கேயும் இரண்டு குட்டி வெட்டு விளிம்பு வந்துவிடுகிறது. தகட்டின் மேல் வைத்தால் வழுக்கி ஓடாது, வைத்த இடத்தில் கடித்துப் பிடிக்கும். எங்கள் கணக்கில் கோபால்டுக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த மூக்குக்குத்தான்.

எம்42-ல் கோபால்ட் 8 சதவீதம். இன்னும் கெட்டி, ஆனால் நொறுங்கும் குணமும் கூடுதல். தூணில் பொருத்திய பில்லர் ட்ரில்லில் தகட்டை வைஸில் இறுக்கிப் பிடித்துப் போடுகிறவர்களுக்கு அருமையான சாமான். கையில் பிடித்துப் போடும்போது பிட்டு கொஞ்சம் சாய்ந்தாலும், ஓட்டை வெளியே வரும் நேரத்தில் இழுத்தாலும் மூலை உதிர்ந்துவிடும். கைட்ரில்லுக்கு எம்35 போதும், அதற்கு மேல் வேண்டாம். முழு கார்பைடு பிட்டைக் கைட்ரில்லில் மாட்டுவது சுண்ணாம்புக் குச்சியை மாட்டுவதற்குச் சமம். அது சிஎன்சி மிஷினுக்கு உரியது.

பிராண்டு பற்றி: சென்னையில் 1873-ல் தொடங்கிய அடிசன், கொரியாவின் ஒய்ஜி-1, மிராண்டா, போஷ் என்று கோபால்ட் பிட்டு செய்கிற கம்பெனிகள் பல உண்டு. இவற்றுக்குள் எது உசத்தி என்று வாதாடுவதை விட, கையில் வாங்கிய பிட்டு அசலா என்று பார்ப்பதுதான் முக்கியம். நிறத்தை நம்ப வேண்டாம். கோபால்ட் பிட்டுக்கு வைக்கோல் நிறமும் வெண்கலச் சாயலும் கொடுப்பது வெறும் மேற்பரப்பு வேலை. அதே நிறத்தைச் சாதா பிட்டுக்கும் ஏற்றலாம். தண்டில் அளவோடு சேர்த்து எச்எஸ்எஸ்-சிஓ, எச்எஸ்எஸ்-இ அல்லது எம்35 என்று பொறித்திருக்க வேண்டும். 3 மி.மீ.க்குக் கீழே தண்டில் எழுத இடம் இருக்காது. அதைக் கம்பெனி உறையோடு மட்டும் வாங்குங்கள்.

பிறகு கடை வெளிச்சத்தில் மூக்கைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் இரண்டு பக்கமும் சின்னதாக வெட்டி எடுத்த தடம் தெரிய வேண்டும், இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இரண்டு வெட்டு விளிம்பின் நீளமும் சமமா என்று பார்க்க வேண்டும். ஒன்று நீளமாக இருந்தால் அந்த ஒன்று மட்டும் வெட்டும், ஓட்டை பெரிசாகும், அந்தப் பக்கம் சீக்கிரம் தேயும். கடைசியாகக் கண்ணாடிக் கவுன்டர் மேல் உருட்டுங்கள். முனை ஆடினால் வளைந்த பிட்டு. நல்ல கடைக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

25 பிட்டு அடங்கிய செட் வாங்காதீர்கள். அந்தப் பெட்டியில் அரை அரை மில்லியாக 1-லிருந்து 13 வரை வரும்; எஸ்எஸ் வேலைக்கு நிஜமாகத் தேவைப்படுவது ஏழெட்டுதான், அதிலும் சில அளவு அந்தப் பெட்டியில் இருக்காது. 3.2 ரிவெட்டுக்கு 3.3, 4 மி.மீ. ரிவெட்டுக்கு 4.1, 5 மி.மீ. போல்ட் நுழைய 5.5, 6 மி.மீ. போல்ட் நுழைய 6.5, 8 மி.மீ. போல்டுக்கு 9. பைலட் (பெரிய ஓட்டைக்கு முன்னால் போடும் சின்ன வழி ஓட்டை) போட 3 மி.மீ. இரண்டாக இருக்கட்டும். மரை போடுவதானால் இன்னொரு கணக்கு உண்டு: எம்6 மரைக்கு, அதாவது 6 மி.மீ. போல்ட் மரைக்கு, புத்தகத்தில் 5.0 என்று இருக்கும், எஸ்எஸ்-ல் 5.2 போட்டால் மரை வெட்டும் டேப் உடையாமல் இறங்கும், மரையின் பலமும் பெரிதாகக் குறையாது. கிடைத்தால் நீளமான ஜாபர் பிட்டை விடக் குட்டையான ஸ்டப் பிட்டு எடுங்கள். நீளம் குறைந்தால் வளைவதும் குறையும்.

வேகமும் அழுத்தமும்

பிட்டின் ஆயுளில் பாதிக்கு மேல் இங்கேதான் தீர்மானமாகிறது. 304-ல் கோபால்ட் பிட்டுக்கு, நாம் கையில் எண்ணெய் விட்டுப் போடும் வேலைக்கு, வெட்டு வேகம் (பிட்டின் வெளி மூலை ஓடும் வேகம்) நிமிஷத்துக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பான கணக்கு. 10-ஐ ஆயிரத்தால் பெருக்கி, 3.14-ஐயும் பிட்டின் மில்லிமீட்டரையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் சுற்று கிடைக்கும். 3 மி.மீ.க்கு சுமார் 1,050, 5-க்கு 640, 6-க்கு 530, 8-க்கு 400, 10-க்கு 320, 12-க்கு 265. சாதா எம்2 என்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். 316-க்கும் இன்னும் கொஞ்சம் குறைவுதான். திருப்பூர் சாயப்பட்டறைச் சாமான்களில் ஓட்டை போடப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அங்கே உப்பும் சாயமும் படுகிற இடத்துக்கு மாலிப்டினம் கலந்த 316-தான் இருக்கும்.

பேட்டரி ட்ரில்லில் கியர் 1-ல் போடுங்கள். பல மாடல்களில் அது 400, 500 சுற்றோடு நிற்கும்; 6-லிருந்து 8 மி.மீ. வரைக்கும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். ட்ரிகரை அமுக்கி வேகம் கட்டுப்படுத்தும் கரண்ட் ட்ரில்லில் நாம் எத்தனை சுற்றில் இருக்கிறோம் என்று தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. பிட்டைப் பிடிக்கும் சக்கில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போனில் விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். கோடு ஒருமுறை சுற்றிவர 29 பிரேம் ஆனால் சுமார் 500 சுற்று; 24 பிரேம் என்றால் 600. இரண்டு மூன்று முறை செய்து பார்த்தால் ட்ரிகரில் விரல் எவ்வளவு போக வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும். பெஞ்ச் ட்ரில்லில் மூடியைத் திறந்து, மோட்டார் பக்கம் சின்னப் படியும் ஸ்பிண்டில் பக்கம் பெரிய படியும் வருகிற மாதிரி பெல்ட்டை மாற்றுங்கள். பல பட்டறைகளில் அந்த பெல்ட் மிஷின் வாங்கிய நாளிலிருந்து நடுப்படியிலேயே கிடக்கிறது.

அழுத்தத்தில்தான் பழக்கமில்லாதவர்கள் ஏமாறுகிறார்கள். பிட்டு உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக வைத்து, வேகமாகச் சுற்ற விடுகிறார்கள். எஸ்எஸ்-க்கு அது நேர் எதிர்: மெதுவாகச் சுற்றட்டும், பலமாக அழுத்துங்கள். 6 மி.மீ. பிட்டு ஒவ்வொரு சுற்றிலும் மில்லியில் பத்தில் ஒரு பங்கு ஆழம் இறங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தின சுற்றில் இறுகிய தோலுக்குக் கீழே போய் வெட்டினால்தான் பிட்டு பிழைக்கும். அந்தக் கணக்கில் 2 மி.மீ. தகட்டில் 6 மி.மீ. ஓட்டை, பில்லர் ட்ரில்லில் நாலு விநாடி வேலை. கையில் போட்டால் பத்து விநாடி ஆகலாம். அரை நிமிஷமாகியும் வெளியே வரவில்லை என்றால் ஓட்டை போடவில்லை, பாலீஷ் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள்.

சுருளைப் பாருங்கள். இரண்டு பள்ளத்திலிருந்தும் வெள்ளியாகவோ லேசான வைக்கோல் நிறத்திலோ தொடர்ந்து சுருள் வந்தால் எல்லாம் சரி. நீலமாக வந்தால் வேகம் அதிகம். பொடியாக உதிர்ந்தால் அழுத்தம் போதவில்லை அல்லது விளிம்பு போய்விட்டது. ஒரே பள்ளத்தில் மட்டும் வந்தால் முனை சமமில்லை. நீளச் சுருள் கையில் சுற்றினால் கத்தி மாதிரி அறுக்கும். விரலால் இழுக்காமல் குச்சியால் தள்ளுங்கள். கண்ணாடி போடுங்கள். கையுறை போடாதீர்கள், சக்கு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

ஓட்டைக்கு முன்னால் பஞ்ச் அடிப்பதிலும் அளவு வேண்டும். சுத்தியை ஓங்கிப் பெரிய குழியாக அடித்தால் அந்த இடத்தையும் இறுக்கிவிட்டீர்கள். ஸ்பிளிட் முனைக்கு ஒரே தட்டில் சின்னப் புள்ளி போதும். 6 மி.மீ. வரைக்கும் பைலட் தேவையில்லை, நேராகவே போடலாம். 8, 10 போடும்போது 3 மி.மீ. பைலட் போட்டுக்கொள்ளுங்கள். 10-க்கு 6 அல்லது 7 பைலட் போடுவது பெரிய தப்பு. அப்போது பெரிய பிட்டின் வெளி மூலைகள் மட்டும் வேலை செய்யும், கடகடவென்று உலுக்கி மூலை உதிரும். பைலட் பெரிய பிட்டின் நடுத்தண்டு தடிமனை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும்.

தகட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டு சி கிளாம்பில் பிடித்துக்கொள்ளுங்கள். முனை அடிப்பக்கம் எட்டிப்பார்க்கும் நேரம்தான் ஆபத்து: பிட்டு திருகாணி மாதிரி தகட்டை மேலே இழுக்கும், தகடு சுழன்று கையை வெட்டும். அந்த நேரத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், ஆனால் முழுசாக விட்டு உரச விடாதீர்கள்.

எண்ணெய்

எஸ்எஸ்-க்கு கந்தகம் அல்லது குளோரின் சேர்த்த, தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயில்தான் முதல் தேர்வு. பிட்டுக்கும் சுருளுக்கும் நடுவே உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கும். ஒரு ஓட்டைக்கு நாலைந்து சொட்டு போதும். தொடங்கும் முன்பே விட வேண்டும், புகை வந்த பிறகு அல்ல. கட்டிங் ஆயில் இல்லாத வீட்டில் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ விடலாம். அதில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் உலோகத்தின் மேல் ஒட்டி நின்று உரசலைக் குறைக்கும். சாதா மிஷின் ஆயிலை விட இது மேல். துரு எடுக்கிற ஸ்ப்ரேயை அடித்துவிட்டு ஓட்டை போடுவது பரவலான பழக்கம். அது மெல்லிசு, அந்த அழுத்தத்தில் நிற்காது, நொடியில் ஆவியாகிவிடும்.

பில்லர் ட்ரில்லில் தண்ணீரில் கலக்கும் சாலியபிள் ஆயில் ஓட விடுகிறவர்கள் எஸ்எஸ்-க்கு 1-க்கு 10 என்று கலக்கலாம். தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை ஊற்றக்கூடாது. நம் பக்கம் போர் தண்ணீர் பல இடத்தில் கடினத் தண்ணீர்; அதில் கலந்தால் பால் திரிந்த மாதிரி மேலே ஆடை கட்டும், எண்ணெய் தனியே பிரியும். அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்பு எஸ்எஸ்-ன் மேலேயே காய்ந்தால் கறையும் விழும். சிறுவாணித் தண்ணீரோ, மழைத்தண்ணீரோ, ஆர்ஓ தண்ணீரோ பிடித்து வைத்துக் கலக்குங்கள். சூடான பிட்டைத் தண்ணீரில் சொய்யென்று முக்கவே கூடாது. விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, அடுத்த ஓட்டையில் மூலை உதிரும்.

எந்த எஸ்எஸ் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து தகடு உருட்டுகிறது. நல்ல தகட்டில் கிரேடு அச்சடித்திருக்கும். கேட், கைப்பிடி வேலைக்கு வரும் குழாய் பெரும்பாலும் 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. இது 304-ஐ விடச் சீக்கிரம் இறுகும், அதனால் வேகத்தை இன்னும் குறைத்து, இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட வேண்டும். காந்தம் எங்கே வைத்தாலும் நன்றாக ஒட்டுகிற 430-ல் இந்த இறுகல் தொல்லை குறைவு, சாதா பிட்டே சமாளிக்கும்.

ஒரு மி.மீ.க்குக் கீழான தகட்டில் எந்த ட்ரில் பிட்டும் வட்டமான ஓட்டை தராது. மூன்று மூலையாகக் கிழிக்கும். சிங்கில் ஆர்ஓ குழாய்க்கு 12 மி.மீ., கிரைண்டர் டிரம்மில் பெரிய ஓட்டை என்று வந்தால் படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்டுதான் சரி. அதிலும் கோபால்ட் ரகமே எடுங்கள், 300 சுற்றைத் தாண்ட வேண்டாம், ஒவ்வொரு படிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். சிங்கில் 35 மி.மீ. குழாய் ஓட்டைக்கு பைமெட்டல் ஹோல்சா (வட்ட ரம்பம்) போட்டால் 100 சுற்றுக்கு மேல் போகக்கூடாது.

குழிக்குள் மினுமினுப்பு வந்து மாட்டிக்கொண்டால் வழி இருக்கிறது. பிட்டை மாற்றுங்கள். முடிந்தால் தகட்டைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்திலிருந்து வாருங்கள். அந்தப் பக்கத் தோல் இறுகியிருக்காது. முடியாவிட்டால் டை கிரைண்டரில் சின்ன கார்பைடு பர் மாட்டி, குழியின் அடியை அரை மில்லி சுரண்டிவிட்டு, புது பிட்டை முன்பை விடப் பாதி வேகத்தில், முழு எடையும் போட்டு இறக்குங்கள்.

ஓட்டை முடிந்ததும் பிசிறை எடுத்து, சுருளைத் துடைத்துவிடுங்கள். இரும்புக்குப் பயன்படுத்திய கம்பி பிரஷை எஸ்எஸ்-ல் போடாதீர்கள். ஒட்டிக்கொண்ட இரும்புத்தூள் துருப்பிடித்து, நல்ல 304-ஐயே துருப்பிடித்தது போலக் காட்டும். பிறகு பட்டறைக்காரரிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

எம்35-ஐத் திரும்பத் திரும்பச் சாணை பிடிக்கலாம், விலை ஈடாவதும் அதில்தான். சாதா வெள்ளை அல்லது சாம்பல் நிற அலுமினியம் ஆக்சைடு கல் போதும். பச்சைக் கல் கார்பைடுக்கானது. சாணையில் முனை லேசாக நீலமானால் பயப்பட வேண்டாம், எச்எஸ்எஸ் அதற்குள் பதம் விடாது. தண்ணீரில் முக்காமல் காற்றில் ஆற விடுங்கள். கையால் பிடித்தால் கோணம் 118-க்கும் 135-க்கும் நடுவில் எங்கேயோ வரும், அது பெரிய குறையில்லை. மூக்கில் இருந்த பிளவு போய்விடுவதுதான் குறை. சாணைக்குக் கொடுக்கும்போது “கூர் பண்ணிக் குடுங்க” என்று மட்டும் சொன்னால் இரண்டு விளிம்பை மட்டும் தீட்டித் தருவார்கள். “நடு மூக்கையும் மெலிசாக்கிக் குடுங்ணா, எஸ்எஸ்-க்குங்க” என்று சேர்த்துச் சொல்லுங்கள். வாங்கும்போது, புது பிட்டைக் கடையில் பார்த்த மாதிரியே, மூக்கைத் திருப்பி அந்தக் குறுக்குக் கோடு குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.